கதவைத் தாண்டாத சத்தம்

"பழைய கிடார் ஆம்ப்ளிஃபயர் நல்லாத்தானே இருக்கு? இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"அது அம்பது வாட், வீட்டையே அதிர வைக்குது. இது கால் வாட்தான். உள்ளே பழைய ரேடியோவில பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வு, ஒரே ஒரு குட்டி வால்வு. முழுசாத் திருகினா அதே கரகரப்பு வரும், ஆனா சத்தம் கதவைத் தாண்டாது. கம்பெனியில இதுக்குத்தான் இத்தனை மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"எனக்கென்னவோ அந்தப் பெரிய சத்தம்தான் பிடிச்சிருக்கு."

அவனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. மாடிவீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரும்போதெல்லாம், "அவர் கிடார் வாசிக்கத்தான் செய்வார், உங்களால ஆனதைப் பாருங்க" என்று வாசலில் மல்லுக்கு நின்றவள் அவள்தான். அவன் வாசிப்புக்கு உலகத்தில் இருந்த ஒரே ரசிகை. அவளுக்கு இனி அந்த வம்பு வேண்டாமென்றுதான் இந்தப் பெட்டியையே வடிவமைத்தான்.

சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தான். நினைத்ததைவிட நன்றாகவே குழைந்து வந்தது. ஒரு பாட்டு முடிந்து ரீங்காரம் அடங்கியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"எனக்கும்தான் உன் நினைப்பாவே இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கடா. என்னமோ இன்னிக்கு அவர் இன்னும் ஆரம்பிக்கல. சத்தம் வந்ததும் நானே கூப்பிடறேன், வழக்கம்போல நிம்மதியாப் பேசலாம்."

குட்டி வால்வு எரிவதையே அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை அணைத்தான். மூலையில் கிடந்த பழைய பெட்டியை இழுத்து, கிடார் வயரை அதில் செருகி, சத்தத்தைக் கடைசிவரை திருகினான்.