ஆளுக்கொரு பிடி நெல்

"தைக்க வந்த பிள்ளையைத் தவிர அந்த அறைக்குள்ள வேற ஆர் போனது?"

குசினி அடுப்பருகில் மாமி யாரிடமோ மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் சட்டென்று நின்றது.

மெசினில் இருந்த இமெல்டா நிமிர்ந்து, பக்கத்தில் துணி பிடித்துக்கொண்டிருந்த சுலோஜனாவைப் பார்த்தாள்.

"என்ட பேக்கைப் பாருங்க சுலோ. இப்பவே பாருங்க."

"எனக்கென்ன விசரா? நீங்க தைங்க."

நாளை மறுநாள் சுலோஜனாவின் அக்கா மதுஷாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்குப் போட்ட சங்கிலியைக் காலையிலிருந்து காணவில்லை. சாறிச் சட்டை தைக்க மட்டக்களப்பிலிருந்து வந்த இமெல்டா மூன்று நாளாக வெல்லாவெளியில் இந்த வீட்டில்தான் தங்கியிருக்கிறாள்.

அப்பா பொலிசுக்குப் போக சேர்ட்டை மாட்டினார். மாமி மறித்தாள்.

"பொலிசு வந்தா கலியாண வீடு செத்த வீடு மாதிரி ஆகிடும். கந்தப்போடியரைக் கூப்பிடுங்க. வெத்திலையில மை போட்டுப் பார்த்தா அஞ்சு நிமிசத்துல கள்ளர்ர முகம் தெரியும்."

"சுத்தப் பொய் மாமி," என்றாள் சுலோஜனா.

அவள் கெம்பஸில் உளவியல் படிக்கிறாள். மை பார்ப்பவர்களையும் குறி சொல்பவர்களையும் பற்றித்தான் கடைசி வருட ஆய்வு. பத்துப் பேரைப் பார்த்து, பத்துப் பேருடைய தந்திரத்தையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். கந்தப்போடியர் மட்டும் பிடிபடவில்லை. அவரிடம் போனவர்களில் அநேகருக்குப் பொருள் கிடைத்திருந்தது. எப்படியென்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"பொய்யெண்டா பிடிச்சுக் காட்டுகா. படிச்ச பிள்ளைதானே," என்றாள் மாமி.

கந்தப்போடியர் சைக்கிளில் வந்து இறங்கினார். வெற்றிலையில் மையைத் தடவி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"சங்கிலி வீட்டு வளவை விட்டுப் போகல்ல. நெல்லறையில ஒரு பனையோலைக் கடகம் வைங்க. ஒவ்வொராளாப் போய், கதவைச் சாத்திப்போட்டு, ஒரு பிடி நெல்லை அதுக்குள்ள போட்டு நல்லாக் கிளறிட்டு வாங்க. ஒராள் வெளிய வராம மற்றாள் போகப்படாது."

"வேதக்காரப் பிள்ளை இதெல்லாம் செய்யுமா?" என்று மாமி இமெல்டாவைப் பார்த்தாள்.

"நெல்லுப் போட்டா ஆண்டவர் கோவிக்கமாட்டார்," என்றாள் இமெல்டா.

"நான் முதல் போறன்," என்றாள் சுலோஜனா.

கிழவருக்கு வீட்டுக்குள் ஒரு கூட்டாளி இருக்கிறார் என்பது அவளுடைய கணக்கு. நெல்லைப் போட்டுக் கிளறினாள். இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் போனைச் சொருகி, வீடியோவை ஓடவிட்டு வந்தாள்.

அடுத்து, மந்திரம் சொல்லவேண்டும் என்று கந்தப்போடியர் உள்ளே போய் வந்தார். பிறகு அப்பா, மாமி, மதுஷா, சமையலுக்கு வந்த இரண்டு பெண்கள். கடைசியாக இமெல்டா.

முற்றத்துப் பாயில் கடகத்தைக் கவிழ்த்தார்கள்.

நெல்லோடு நெல்லாகச் சங்கிலியும் விழுந்தது.

"அம்மாளே!" என்று மாமி தலையில் கை வைத்தாள். மதுஷா ஓடி வந்து சங்கிலியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பா சேர்ட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"ஆர் எடுத்தது?" என்றார்.

"ஆரும் எடுக்கல்ல. எலி இழுத்து நெல்லுக்குள்ள போட்டிருக்கு," என்றார் கந்தப்போடியர். "இனி ஆரும் ஆரையும் கேக்கிறல்ல. கேட்டா மை பலிக்காது."

மாமி இமெல்டாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். "குடி, மகள். சீனி போதுமா?"

கொஞ்ச நேரத்தில் மறுகாவும் மெசின் ஓடத் தொடங்கியது.

சுலோஜனா வாசல் படலைவரைக்கும் கந்தப்போடியருக்குப் பின்னால் போனாள்.

"மாமா, எனக்கு விளங்கிட்டு. எடுத்த ஆளே திருப்பிப் போட வழி விட்டிருக்கிங்க. மையில ஒண்டும் தெரியிறல்ல, என்ன?"

"தெரியும் பிள்ளை."

"என்ன தெரியும்?"

"என்ட மூஞ்சி. நல்லாத் துலங்கித் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஆர் எடுத்ததெண்டு உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியா. தெரிஞ்சா கலியாண வீட்டுல அந்த ஆளுக்குப் பக்கத்துல இருந்து எப்பிடிச் சோறு தின்னுற?"

சைக்கிளில் ஏறியவர், ஒரு காலை நிலத்தில் ஊன்றித் திரும்பினார்.

"என்ட சால்வையை ஒருக்கா எடுத்துத் தாங்க பிள்ளை. நெல்லறையில, உங்கட போனுக்கு மேல போட்டுட்டு வந்திட்டன்."

சுலோஜனாவுக்கு முகம் சுட்டது. நெல்லறைக்குப் போனாள்.

மூட்டைகளுக்கு மேல் சால்வை கிடந்தது. அடியில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, முதலிலிருந்து போட்டாள். கந்தப்போடியரின் கை கிட்ட வந்தது. அதற்குப் பிறகு திரை முழுக்க இருட்டு.

ஆனால் சத்தம் பதிவாகியிருந்தது.

கதவு கிறீச்சிட்டது. ஒரு இருமல். அது அப்பா. நெல் விழுந்தது. கதவு. அடுத்த காலடி. வளையல் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சேலை முடிச்சை அவிழ்க்கிற மாதிரி ஒரு சரசரப்பு...

அவளுடைய விரல் சட்டென்று அதை நிறுத்தியது.

வெளியில் மாமி குரல் கொடுத்தாள். "அங்க என்னகா தேடுறாய்?"

"மாமாட சால்வை, மாமி."

வீடியோவை அழித்தாள். சால்வையை உதறி மடித்து எடுத்துக்கொண்டு படலைக்குப் போனாள்.