கிரேன்சிவிங்கி
துறைமுக வாசல் டீக்கடையில் சாயங்கால வெயில் கண்ணாடித் தம்ளருக்குள் இறங்கி மினுங்குகிறது. நாளைக்கு ஆசிரியர் தேர்வு; உவமை எது, உருவகம் எது என்று ஆக்னஸுக்கு இன்னும் பிடிபடவில்லை, போன தடவை அதில்தான் கோட்டை விட்டாள். "அந்தக் கிரேன் ஒட்டகச்சிவிங்கி கணக்கால்லா நிக்கி," என்கிறாள் தோழி கிளாடிஸ். கிரேனின் நீண்ட கை மெல்லத் தாழ்ந்து கப்பலை நோக்கி இறங்குகிறது. "ஏளா, கிரேன்சிவிங்கி தண்ணி குடிக்கப் போவுது!" என்று கத்துகிறாள் ஆக்னஸ். கத்திய வாய் மூடவில்லை. 'போல' என்று சொல்லும் அந்தக் 'கணக்கா' எங்கே போயிற்று? நடுவில் நின்ற அந்தச் சொல் விலகியதும் கிரேனும் சிவிங்கியும் ஒன்றாகிவிட்டன. "கிளாடிஸ், நீ சொன்னது உவமை! நான் சொன்னது உருவகம்!" "அதுக்கு ஏம்ளா என் டீயக் கொட்டுத?" மேசையெல்லாம் டீ ஓடுகிறது. ஆக்னஸ் புத்தகத்தைப் பட்டென்று மூடி, லாரிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும் குரலில் சொல்கிறாள்: "அண்ணாச்சி, ரெண்டு டீ!"