வெயில் தணிக்க வந்த கன்று

ஊரின் வெயிலைத் தணிக்க நகராட்சித் தலைவர் ஒரு வேப்பங்கன்றை நட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். கன்றுக்கு நாக்கு வறண்டது.

"குழியக்கா, நாளைக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?"

"போன வருஷம் இங்கே நட்ட புங்கங்கன்னும் இதையேதான் கேட்டுச்சு," என்றது குழி. "நீ காய்ஞ்சாத்தானே தம்பி அடுத்த வருஷம் இங்கே மரம் நடு விழா நடக்கும்? புதுசா குழி தோண்ட அவங்களுக்கு நேரம் ஏது?"

கன்றின் இலையெல்லாம் தொங்கிவிட்டது. அப்போது பக்கத்து மண்ணுக்குள் உடைந்து கிடந்த குடிநீர்க் குழாய் வாய்திறந்தது.

"அட, அழாதே. தைரியமா இந்தப் பக்கம் வேர் விடு. நான் ஒழுகுறேன்னு ஊரே வருஷக்கணக்கா மனு கொடுக்குது."

"ஐயோ, அப்போ அடைச்சிடுவாங்களே!"

"யாரு, நம்ம நகராட்சியா?" என்று குழாய் குலுங்கிச் சிரித்தது. சிரித்ததில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது.

கன்றுக்கு முதல்முறையாக நகராட்சியின் மேல் நம்பிக்கை பிறந்தது.