வலது மடிப்பு மேலே

யோகோஹாமா கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

கப்பல் வேகம் குறைத்தது. வட்ட ஜன்னல் வழியே துறைமுகத்தையே பார்த்தபடி அவர் நின்றிருந்தார். மகள் ஃபுமி அவருக்குக் கிமோனோ உடுத்திக்கொண்டிருந்தாள்.

ரோம், லண்டன், பிரஸ்ஸல்ஸ் என்று தூதராக ஊர் ஊராகச் சுற்றியதில் கோட்டும் டையுமே பழகிப்போயிருந்தன. நாடு திரும்பும் நாளிலாவது நாட்டு உடை வேண்டாமா?

முன்பெல்லாம் மனைவி உடுத்திவிடுவாள். அவளைப் பிரஸ்ஸல்ஸிலேயே அடக்கம் செய்தாயிற்று.

இன்று அவர் கைக்கு முடிச்சு வசப்படவில்லை. குளிர் என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

பொய். பயம்தான்.

போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கை அது. நாட்டை விற்றுவிட்டான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவரோடு கையெழுத்திட்ட நண்பரைப் போன மாதம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் ராணுவ இளைஞர்கள்.

திரும்பி வா என்று தந்தி வந்தது. அரசாங்கத்தின் உப்பைத் தின்றவர். வந்துவிட்டார்.

மகளிடம் எதையும் சொல்லவில்லை.

"தூதர் ஐயாவுக்கு ஒரு முடிச்சுப் போடக்கூடத் தெரியல. இந்தா, ஆச்சு. கண்ணாடியைப் பாருங்கப்பா."

பார்த்தார்.

வலப்பக்கத் துணி மேலே இருந்தது.

உயிரோடு இருப்பவர்களுக்கு இடப்பக்கம்தான் மேலே வரும். வலப்பக்கம் மேலே வந்தால் பிணம். ஜப்பானில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவளோ ஐரோப்பாவில் வளர்ந்தவள். அவளுடைய சட்டை, கோட்டு எல்லாமே வலப்பக்கம் மேலே வரப் பொத்தான் போடுபவை. அதே பழக்கத்தில் அப்பாவுக்கும் மடித்துவிட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவிழ்த்துக் கட்டச் சொல்ல வாயெடுத்தார்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

கரையிலிருந்து படகில் வந்திருந்த இளம் ராணுவ அதிகாரி. அவரது பாதுகாப்புக்கு அனுப்பியிருக்கிறார்களாம். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

அதிகாரியின் பார்வை அவர் மார்பில் விழுந்தது. அங்கேயே நின்றது.

பார்த்துவிட்டான்.

இப்படியொரு பிழையைக் கண்டால் எந்த ஜப்பானியனும் சும்மா இருக்கமாட்டான். முன்பின் தெரியாதவரானாலும் ஓரமாக அழைத்துச் சொல்வான். அபசகுனம் அல்லவா, பதறுவான்.

இவன் பதறவில்லை. சொல்லவுமில்லை.

குனிந்து வணங்கினான். தேவைக்கு மேல் தாழ்வாக, தேவைக்கு மேல் நீளமாக. சாவு வீட்டில்தான் அப்படி வணங்குவார்கள்.

அவருக்கு விளங்கிவிட்டது.

மடிப்பைச் சரிசெய்யப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார்.

ஃபுமி தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து அவர் கையைக் கோத்துக்கொண்டாள். எந்த ஊரில் இறங்கினாலும் அப்பாவும் மகளும் அப்படித்தான் இறங்குவார்கள்.

அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"கீழ்த்தளத்துல நம்ம பெரிய பெட்டி இருக்கும்மா. அதுல அம்மா படம் இருக்கு. கூலியாளுங்க கையில கொடுத்துடாதே. நீயே தேடி எடுத்துக்கிட்டு வா. நான் முன்னால இறங்கறேன்."

"இப்பவேயா? உங்களுக்கு எல்லாமே அவசரம்தான்" என்று சிணுங்கிக்கொண்டே அவள் ஓடினாள்.

காலடிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அதிகாரியிடம், போகலாம் என்றார்.

அந்தப் பெட்டியில் படம் எதுவும் இல்லை. நெடுநேரம் தேடுவாள்.