பன்னிரண்டாவது மனு

சலவைக் கடைக்காரி உள்ளே நுழைந்ததுமே அதிகாரிக்குத் தலைவலி வந்துவிட்டது.

"சிறு கல்வி நிதிக்குப் பதினோரு தடவை மனு போட்டீங்க. பதினோரு தடவையும் கிடையாதுன்னு எழுதிட்டேன். இன்னும் விடமாட்டேங்கறீங்களேம்மா."

"விடுறதா இல்லை சார்." பன்னிரண்டாவது மனுவை மேசைமேல் வைத்தாள். மாலையில் தன் கடையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர உதவி கேட்கும் அதே மனு.

"உங்க வகுப்புல ஒரு பாடப்புத்தகம்கூட இல்லை. எந்த முகத்தோட நான் சிபாரிசு பண்றது?"

"அது கிடக்கட்டும். போன கடிதத்தை ஏன் நாலே வரியில முடிச்சீங்க? முன்னெல்லாம் மூணு பக்கத்துக்குக் காரணம் எழுதுவீங்களே."

"கிடையாதுன்னு சொல்ல நாலு வரி போதாதா?"

"எங்களுக்குப் போதாது."

பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தாள். அவர் அனுப்பிய பதினோரு கடிதங்களும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்து, வரிக்கு வரி பென்சில் கோடு.

"இதுதான் சார் எங்க பாடப்புத்தகம். பதினாலு பேர் இதை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கத்துக்கிட்டாங்க. இந்த மனுவே அவங்க எழுதினதுதான். பணம் குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். குடுக்கலேன்னா மூணு பக்கத்துக்குக் குறையாம எழுதுங்க. அந்த நாலு வரியை ஒரே நாள்ல படிச்சு முடிச்சுட்டாங்க."