சாயமில்லாத தண்ணீர்

"தண்ணிக் குழாயை ஆரடா திறந்தது?"

விரிவுரையாளர் இரகுநாதன் ஸ்பேனரால் அடித்ததில் ஆய்வுகூட உதவியாளர் தங்கராஜாவின் விரல்கள் நசுங்கின.

எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் புகுவதைக் காட்டத்தான் கண்ணாடிப் பெட்டியில் மணலும் எண்ணெயும் நிரப்பியிருந்தார்கள். அடியிலிருந்து செலுத்தும் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் மேலே வர ஆறு மணி நேரமாகும் என்பது அவர் கணக்கு. முதல் நிமிடமே மேல் குழாயிலிருந்து எண்ணெயோடு தண்ணீரும் சொட்டியது. பார்ப்பதற்காகப் பதுளைக்கு வந்திருந்த பேராசிரியர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"சத்தியமா நான் தொடலைங்க சார்."

வயிற்றில் உதை விழுந்தது. தரையில் சரிந்த தங்கராஜாவின் கண்முன்னே தண்ணீர் இன்னும் சொட்டியது.

"சார், இதுல சிவப்பே இல்லைங்க. சோதனை சரியா வரணும்னு நீங்கதானே மூடி போடுறதுக்கு முன்னுக்கு ஒரு போத்தல் கதிர்காமத் தீர்த்தம் ஊத்துனீங்க!"

இரகுநாதன் கதவை உள்பக்கமாகப் பூட்டினார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.