பதினாறாம் நிரையில் ஒரு பூ

குணாளன் காய்ந்த ரப்பர் இலைகளின் மேல் குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

பூ கடுகைவிடச் சற்றே பெரியது. ஊதா நிறம். கைப்பேசியில் மாட்டிய பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே மஞ்சள் கோடுகள். ஓரத்தில் ஒரு சொட்டுப் பனி.

மலேசியாவின் கெடாவில் குளிர்காலம் ஏது? பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். வெயில் தரைவரை இறங்கும். ஆண்டு முழுக்க நிழலில் கிடந்த பூண்டுகள் அப்போதுதான் பூக்கும். வியர்வை ஒழுகப் போய்ப் படம் எடுக்கும் அந்த மாதத்துக்குத்தான் சுங்கைப் பட்டாணி காட்டுப்பூக் குழு ‘குளிர்காலப் பூக்கள்’ என்று போட்டி வைத்தது.

மூன்று ஆண்டுகளாக முதலிடம் ஜெயகுமார் சாருக்கு. பள்ளி ஆசிரியர். அவருடைய கேமராவைக் கண்டால் வண்டே வழிவிடும், அவ்வளவு நீளம்.

இந்தப் பூ மட்டும் அவரிடம் இல்லை. குழுவில் யாரிடமும் இல்லை. குணாளன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நேற்று மொட்டின் படத்தைக் குழுவில் போட்டவன், பெருமை தாங்காமல் இடத்தையும் போட்டுவிட்டான்.

கைப்பேசி அதிர்ந்தது. அவரேதான்.

“விரிஞ்சிருச்சா தம்பி? பத்து மணிக்கு வரேன். நம்ம கேமராவுல எடுத்தா அதோட அழகே வேற லா.”

“விரிஞ்சிருச்சு சார். வாங்க.”

எழுந்து சட்டையைத் தட்டினான். எடுத்த படங்களில் மூன்று மங்கல். ஒன்று அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. அதைப் போட்டிக்கு அனுப்பினான்.

பின்னால் பாப்பம்மா நின்றாள். தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பது அவளும் அவனும்தான்; மேற்பார்வைக்கு ஒரு மண்டோர். இன்று பூ இருந்த இந்த மரவரிசையின், பதினாறாம் நிரையின் முறை.

“செத்துட்டியோன்னு நெனச்சேன்டா,” என்றாள். “சரி, இந்த நிரைய விட்டுட்டுப் போயிருவோம். மண்டோரு கேட்டா, மருந்து தீந்துபோச்சின்னு நான் சொல்லிக்கிறேன்.”

“வேணாங்க்கா. மொத இதையே அடிச்சிருவோம்.”

“அட பாவி! நேத்து பூரா விடுங்க்கா விடுங்க்கான்னு கெஞ்சின?”

அவன் மருந்து தெளிக்கும் தோம்பை முதுகில் மாட்டி, பிடியை நான்கு முறை அழுத்தினான். இந்த மருந்து பட்ட பூண்டு கருகிப்போக இரண்டு மணி நேர வெயில் போதும். மணி ஏழே முக்கால்.

குழுவில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: பூவைப் பறிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது.

குணாளன் இரண்டடி தள்ளி நின்றே அடித்தான்.